யந்திரம், சக்கரம், கோலம்: வழிபாட்டில் வரையப்படும் வடிவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பௌர்ணமிதோறும் திருவிளக்குப் பூசை நடைபெறுகிறது. பூசை முடிந்து சுண்டலைப் பங்கிடும் நேரத்தில், விளக்கின் முன் வரைந்திருக்கும் சக்கரத்தைக் காட்டி யாராவது ஒருவர் ஏதாவது கேட்காமல் இருப்பதில்லை. நான் தீட்சை கொடுக்கும் குருவும் அல்லேன், சோதிடமும் பார்ப்பதில்லை. சைவ சித்தாந்த நூல்களையும் அம்பிகையைச் சக்கரத்தில் வழிபடும் ஸ்ரீவித்யை நெறியின் நூல்களையும் சில ஆண்டுகளாகப் படித்து வருவதால் அந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. அடிக்கடி வந்தவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

யந்திரம், சக்கரம், மண்டலம், கோலம் ஆகிய நான்கும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஆனால் ஒரே வீட்டுப் பங்காளிகள். "யம்" என்ற வடமொழி வேருக்கு அடக்குதல், பிடித்து நிறுத்துதல் என்று பொருள். பரவிக் கிடக்கும் மனத்தையும் எங்கும் நிறைந்த தெய்வத்தையும் ஓர் அளவுக்குள் பிடித்து நிறுத்தும் கருவி என்பதால் அது யந்திரம் ஆயிற்று. இந்தச் சொல்தான் தமிழில் எந்திரம் என்று வழங்குகிறது. சங்கப் பாடலில் கரும்பைப் பிழியும் ஆலையும் எந்திரமே. கருவி என்ற பொருள் இரண்டிலும் மாறவில்லை.

சக்கரம் என்பது தமிழ்ச் சைவர்கள் இவ்வடிவங்களுக்கு விரும்பி வழங்கிய பெயர். திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம், ஏரொளிச் சக்கரம், வயிரவச் சக்கரம், சாம்பவி மண்டலச் சக்கரம், புவனாபதிச் சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று தனித்தனிப் பகுதிகளே உள்ளன. இவையெல்லாம் பிற்காலத்தில் வடக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சரக்கு என்று நினைப்பவர்கள் அந்தத் தந்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

மண்டலம் என்பது யாகசாலையில் வண்ணப் பொடிகளால் போடப்பட்டு, தெய்வம் எழுந்தருளப் பெற்று, சடங்கு முடிந்ததும் கலைக்கப்படுவது. கோலத்துக்கு மந்திரமும் இல்லை, உயிரேற்றும் பிராணப் பிரதிஷ்டையும் இல்லை, அர்ச்சகரும் தேவையில்லை. பொழுது விடிவதற்கு முன் வாசலில் தண்ணீர் தெளித்து ஒரு பெண் தன் கையால் போடுவது அது. ஆக, ஒரே அறுகோணம் தகட்டில் தெய்வத்துக்குரிய விதை எழுத்தான பீசாட்சரத்தோடு பொறிக்கப்பட்டால் யந்திரம், யாகசாலைத் தரையில் மண்டலம், வாசலில் கோலம். வடிவத்தைக் காட்டிலும் அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே பெயரைத் தீர்மானிக்கிறது.

சதுரம், முக்கோணம், வட்டம் ஆகியவை எதைக் குறிக்கின்றன?

இதற்குத் தமிழிலேயே மிகத் தெளிவான விடை இருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான உண்மை விளக்கத்தில் மனவாசகங்கடந்தார் ஐம்பூதங்களின் வடிவங்களை வரிசையாகச் சொல்கிறார்: நிலத்துக்கு நாற்கோணம், நீருக்குப் பாதி மதி, தீக்கு முக்கோணம், காற்றுக்கு அறுகோணம், வானுக்கு வட்டம். அவற்றின் நிறங்களும் அங்கேயே உண்டு: நிலம் பொன்னிறம், நீர் வெண்மை, தீ சிவப்பு, காற்று கருமை, வான் புகை நிறம்.

ஏன் இப்படி என்று யோசித்தால் பெரும்பாலானவை கண்ணுக்கே புலப்படுகின்றன. நான்கு பக்கமும் சமமாக ஊன்றி அசையாமல் கிடப்பது சதுரம், அது நிலம். அகல்விளக்கின் சுடர் அடியில் விரிந்து நுனியில் கூர்வதால் தீ முக்கோணம். தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டம் வானுக்குப் பொருந்துகிறது. அறுகோணம் காற்றானது எப்படி என்பதற்கு எல்லாப் பக்கமும் முனை நீட்டி எத்திசையிலும் பாய்வதால் என்று நான் பொருள் கொள்வதுண்டு. இது என் ஊகமே தவிர நூலில் உள்ளதன்று.

கும்பாபிஷேகம் நடக்கும்போது யாகசாலைக்குள் எட்டிப் பார்த்தால் இவ்வடிவங்கள் ஓம குண்டங்களாகவே கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கிழக்கில் சதுரம், தென்கிழக்கில் யோனி வடிவம், தெற்கில் பிறைமதி, தென்மேற்கில் முக்கோணம், மேற்கில் வட்டம், வடமேற்கில் அறுகோணம், வடக்கில் தாமரை, வடகிழக்கில் எண்கோணம் என்று எட்டுத் திசைக்கும் எட்டுக் குண்டங்கள் அமைத்து, பிரதான குண்டத்தோடு ஒன்பதாக்குவார்கள். புகை கண்ணைக் கரிக்கும் என்று ஒதுங்கி நிற்காமல், முதல் நாள் மாலையில் குண்டங்களுக்குச் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பார்ப்பது நல்லது.

ஸ்ரீசக்கரத்தில் இவ்வளவு முக்கோணங்கள் ஏன்?

ஸ்ரீசக்கரம் அம்பிகைக்குரிய யந்திரம். அதன் அடிப்படையில் இருப்பவை ஒன்பது பெரிய முக்கோணங்கள்தாம். நான்கு மேல்நோக்கியவை, அவை சிவம். ஐந்து கீழ்நோக்கியவை, அவை சக்தி. இந்த ஒன்பதும் ஒன்றையொன்று வெட்டும்போது நடுவில் உள்ளதையும் சேர்த்து 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன. அவற்றுக்குள்ளே ஒரு புள்ளி, அதாவது பிந்து. அம்பிகையைப் போற்றும் சௌந்தர்யலகரியின் 11ஆம் சுலோகம் இந்த அமைப்பைத்தான் பாடுகிறது. பிந்துவையும் சேர்த்து 44 என்று எண்ணுவோரும் உண்டு.

இதில் பலரும் குழம்பும் ஓர் இடம் மேல், கீழ் என்பது. தகட்டைச் சுவரில் மாட்டினால்தான் அதற்கு மேல், கீழ் வரும். பூசையில் தரையிலோ பீடத்திலோ கிடத்தி வைக்கும்போது, கீழ்நோக்கிய முக்கோணம் என்பது பூசை செய்பவரை நோக்கி முனை நீட்டும் முக்கோணம். நடுமுக்கோணத்தின் கூர் முனை உங்களை நோக்கி இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

சக்திக்கு ஒன்று கூடுதலாக ஐந்து முக்கோணம் இருப்பதை வைத்து யார் பெரியவர் என்று வாதிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த ஒன்பதில் எந்த ஒன்றை அழித்தாலும் மற்ற எட்டும் சேர்ந்து உருவாக்கிய சிறு முக்கோணங்கள் சிதைந்துவிடும். சிறு முக்கோணங்களில் எது சிவத்தின் கோடு, எது சக்தியின் கோடு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. அவை பெரிய முக்கோணங்களின் கோடுகள் வெட்டிக்கொள்வதால் வந்தவை. வரைந்து பார்த்தால் வாதம் தானே அடங்கிவிடும்.

நவாவரணம் என்கிறார்களே, அந்த ஒன்பது சுற்றுகள் யாவை?

ஆவரணம் என்றால் மறைப்பு, மதில். ஸ்ரீசக்கரத்தை ஒரு நகரமாகக் கொண்டால், அம்பிகை நடுவில் இருக்க, அவளைச் சூழ்ந்து மதில்கள் இருக்கின்றன. பூசை செய்பவர் வெளியிலிருந்து ஒவ்வொரு மதிலாகக் கடந்து உள்ளே போகிறார்.

முதலாவது பூபுரம். நான்கு வாயில்களுடன் மூன்று கோடுகளால் ஆன சதுரம் அது. ஒரு கோட்டில் அணிமா முதலிய சித்திகளும், இன்னொன்றில் பிராம்மி முதலிய எட்டு மாதர்களும், மூன்றாவதில் முத்திரா தேவியரும் இருக்கின்றனர். நிலத்துக்குச் சதுரம் என்று மேலே சொன்னது இங்கே பொருந்தி வருகிறது: நாம் நிற்கும் மண்ணிலிருந்துதான் தொடங்குகிறோம். அடுத்து 16 இதழ்த் தாமரை, அதன் உள்ளே 8 இதழ்த் தாமரை. அதன் பிறகு முக்கோணங்களின் சுற்றுகள்: 14, பிறகு 10, மறுபடியும் 10, அதற்குள் 8. இந்த எட்டில் இருப்பவர்கள் வசினி முதலிய வாக்தேவதைகள். லலிதா சகஸ்ரநாமத்தைச் சொன்னவர்கள் என்று போற்றப்படுபவர்கள் இவர்களே. அதன் உள்ளே ஒற்றை முக்கோணம். அதற்கும் உள்ளே பிந்து. பதினான்கு, பத்து, பத்து, எட்டு, ஒன்று ஆகியவற்றைக் கூட்டினால் முன்னர்ச் சொன்ன 43 வந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பெயர் உண்டு. வெளிச் சதுரம் திரைலோக்ய மோகனம், அதாவது மூவுலகையும் மயக்குவது. எட்டு முக்கோணச் சுற்று சர்வரோகஹரம், எல்லா நோயையும் தீர்ப்பது. நடுமுக்கோணம் சர்வசித்திப்ரதம். பிந்து சர்வானந்தமயம். பெயர்களை வரிசையாகப் படித்தால், ஆசை காட்டி அழைப்பதில் தொடங்கி, காப்பது, நோய் தீர்ப்பது என்று போய், கடைசியில் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாத இடத்தில் முடிவதைக் காணலாம். வீட்டுக்கு வரம் கேட்டு வாசலில் நின்றவர் உள்ளே போகப் போகக் கேட்பதை மறந்துவிடுகிறார். ஸ்ரீசக்கரத்தில் எனக்குப் பிடித்தது இந்த வரிசைதான். அது மாட்டி வைத்துப் பார்க்கும் படமன்று, நடந்து போகும் வழி என்று சொல்வது இதனால்தான்.

நடுமுக்கோணத்தின் மூன்று முனைகளை இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சக்திகளாகச் சொல்வார்கள். வட சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால், காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் இச்சா சக்தியான திருவுடையம்மனையும், உச்சிப் பொழுதில் திருவொற்றியூரில் ஞான சக்தியான வடிவுடையம்மனையும், மாலையில் வட திருமுல்லைவாயிலில் கிரியா சக்தியான கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும் என்று பேருந்து மாறி மாறி ஓடுபவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தாம். செப்புத் தகட்டில் விரல் நகம் அளவே உள்ள ஒரு முக்கோணத்தை அவர்கள் ஒரு பகல் முழுக்க நடந்து வரைகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மேரு என்பது வேறு, ஸ்ரீசக்கரம் வேறா?

ஒன்றுதான். தட்டையாக வரைந்தால் பூப்பிரஸ்தாரம். அதே சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிபோல உயர்த்தி உச்சியில் பிந்து வருமாறு செய்தால் மேருப்பிரஸ்தாரம். பாதி உயர்த்தியது அர்த்தமேரு.

ஆறு முனை நட்சத்திரம் யூதர்களுடைய சின்னம் அல்லவா? முருகன் கோயிலில் எப்படி வந்தது?

மேல்நோக்கிய ஒரு முக்கோணமும் கீழ்நோக்கிய ஒரு முக்கோணமும் குறுக்கே படிந்தால் ஆறு முனை வரும். அளவுகோலும் கவராயமும் கையில் உள்ள எவரும் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் பவளமும் வைரமும் விற்ற யூத வணிகர்கள் வாழ்ந்தார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது முருகன் கோயிலான கந்தகோட்டம். இரண்டு பக்கத்தாருக்கும் அந்த வடிவம் சொந்தம், பொருள் மட்டும் வேறு.

நமக்கு அது சிவமும் சக்தியும் கூடிய இடம். அந்தக் கூடலில் பிறந்தவன் முருகன். ஆறு முகம், ஆறு கார்த்திகைப் பெண்கள், ச-ர-வ-ண-ப-வ என்ற ஆறெழுத்து, எல்லாம் அந்த ஆறு முனைகளில் வந்து உட்காருகின்றன. கந்த சஷ்டி ஆறு நாளும் அறுகோணக் கோலம் போட்டு, முனைக்கு ஓர் எழுத்தாக எழுதி, முனைக்கு ஓர் அகல் ஏற்றும் வழக்கம் நம் தெருக்களில் பரவலாக உண்டு. நடுவில் "ஓம்" எழுத மறப்பவர்கள் உண்டு. அங்கே அது வேண்டும்.

குபேரர் கோலத்தில் எண்கள் எழுதுகிறார்களே, அதுவும் யந்திரமா?

அது எண் யந்திரம். மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டம் போட்டு, முதல் வரிசையில் 27, 20, 25, இரண்டாவதில் 22, 24, 26, மூன்றாவதில் 23, 28, 21 என்று எழுதி, கட்டத்துக்கு ஒரு நாணயம் வைப்பார்கள். எந்த வரிசையைக் கூட்டினாலும், மேலிருந்து கீழாகவோ மூலைக்கு மூலையாகவோ கூட்டினாலும் 72 வரும்.

இதன் சூட்சுமம் எளிது. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 19ஐக் கழித்துப் பாருங்கள்: 8, 1, 6, அடுத்து 3, 5, 7, அடுத்து 4, 9, 2 என்று ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்களால் ஆன பழைய கட்டம் வெளிப்படும். அதன் கூட்டுத்தொகை 15. நவகிரக யந்திரங்களும் இதே கட்டத்தின் பிள்ளைகளே. சூரியனுக்கு 15, ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றைக் கூட்டினால் சந்திரனுக்கு 18, இன்னும் ஒன்று கூட்டினால் செவ்வாய்க்கு 21. இப்படியே மும்மூன்றாக ஏறிக் கேதுவுக்கு 39இல் முடியும்.

எத்திசையில் பார்த்தாலும் சமநிலை என்பதுதான் இதில் உள்ள குறியீடு. வரவும் செலவும் எப்படிக் கூட்டினாலும் ஒத்துப்போக வேண்டும் என்பது குபேரனுக்கு மிகவும் பொருத்தமான வேண்டுதல் என்று கொத்தவால்சாவடியில் கணக்கு எழுதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தெரியவில்லை. ஆனால் இந்தக் கோலம் போட்டால் இத்தனை வாரத்தில் பணம் வரும் என்று கணக்குச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கடையில் வாங்கும் ஸ்ரீசக்கரத் தகடு சரியானதா என்று எப்படிப் பார்ப்பது?

எண்ணிப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பூக்கடைப் பக்கம் ஒரு கடையில் உள்ளங்கை அகலச் செப்புத் தகடு ஒன்றை வாங்கி வந்தேன். பளபளப்பாக இருந்தது. வீட்டில் அதைத் தரையில் வைத்து, சிறு முக்கோணத்துக்கு ஒன்றாகக் கடுகு வைத்துக்கொண்டே போனேன். 43இல் நிற்க வேண்டிய கணக்கு நிற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்ததில், மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சேர வேண்டிய இடங்களில் ஒரு கோடு மயிரிழை தள்ளிப் போயிருந்தது. அந்த இடைவெளியில் கடுகுகூட நிற்காத பொடி முக்கோணங்கள் புதிதாக முளைத்திருந்தன. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியபோது கடைக்காரர் கோபப்படவில்லை. "எல்லாரும் பிரேம் போட்டு மாட்டத்தானே சார் வாங்குறாங்க, யாரு எண்ணிப் பாக்குறாங்க?" என்று சிரித்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். அதுவும் அதே அச்சில் அடித்ததுதான்.

இரண்டு கோடுகள் சேரும் இடத்தைச் சந்தி என்றும், மூன்று கோடுகள் சேரும் இடத்தை மர்மம் என்றும் நூல்கள் சொல்கின்றன. உடலில் அடிபடக்கூடாத இடத்துக்கும் மர்மம் என்றே பெயர். ஸ்ரீசக்கரம் வரைவதில் உள்ள கடினம் முழுக்க அங்கேதான் இருக்கிறது: ஒரு முக்கோணத்தின் அடிக்கோட்டை இம்மியளவு நகர்த்தினாலும், எங்கோ தொலைவில் உள்ள மர்மம் ஒன்று விலகிவிடும். ஆகவே தகட்டை வாங்குமுன் முதலில் மர்மங்களைப் பாருங்கள். பிறகு இதழ்களை எண்ணுங்கள்: உள்ளே 8, வெளியே 16. வெளிச் சதுரத்துக்கு மூன்று கோடுகளும் நான்கு வாயில்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். உளியால் கையில் வெட்டிய தகட்டில் கோடு சற்றே தடித்து மெலிந்து ஓடும், அது குறையன்று. மர்மம் விலகியிருந்தால்தான் குறை.

செய்வினைத் தகடு என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? வீட்டில் வைக்கப் பயமாக இருக்கிறது.

தகடு என்ற சொல் கேட்டதும் நம் பக்கத்தில் பலருக்கு வாசற்படியின் கீழே புதைத்ததும் எலுமிச்சம்பழமும்தான் நினைவுக்கு வருகின்றன. பொருள் ஒன்று என்பதற்காகப் பயனும் ஒன்றாகிவிடாது. அதே செம்பில்தான் தண்ணீர்ச் சொம்பும் செய்கிறார்கள். கோயிலில் மூலவருடைய பீடத்தின் அடியில் யந்திரத் தகடு வைத்து, அதன்மேல் மூர்த்தியை நிறுத்தி, பீடத்தோடு பிடிக்கும்படி அஷ்டபந்தன மருந்து சாத்துகிறார்கள். நாம் தினமும் கும்பிடும் பல சாமிகள் தகட்டின்மேல்தான் நிற்கின்றன. பயப்பட ஒன்றுமில்லை.

தீட்சை இல்லாமல் வீட்டில் பூசிக்கலாமா?

நவாவரண பூசை என்பது குருவிடம் மந்திர உபதேசம் பெற்றவர்கள் முறைப்படி செய்வது. அதைக் கைப்பேசியில் காணொளி பார்த்துச் செய்ய முயல்வது, சமையல் குறிப்பைப் படித்துக்கொண்டே கல்யாணப் பந்திக்குச் சமைக்க இறங்குவது போன்றது. ஆனால் ஸ்ரீசக்கரத்தின் முன் விளக்கேற்றி, லலிதா சகஸ்ரநாமமோ அபிராமி அந்தாதியோ சொல்லிக் குங்குமம் இட்டு வணங்குவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே பரவலான வழக்கம். பெண்கள் செய்யக்கூடாது என்று சொல்பவர்களுக்கு எங்கள் தெருக் கோயில் விளக்குப் பூசையைப் பார்க்கச் சொல்வேன்.

"ஓம் என்று ஒலித்தால் மணலில் ஸ்ரீசக்கரம் தோன்றும் என்று அறிவியலே நிரூபித்துவிட்டது" என்று ஒரு காணொளி வந்ததே?

எனக்கும் அது பலமுறை வந்தது. உலோகத் தகட்டின்மேல் மணலைத் தூவி அதிரச் செய்தால், அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி வடிவங்கள் தோன்றும் என்பது உண்மை. கிளாட்னி என்ற ஜெர்மானியர் இதை 1787இல் நூலாகவே வெளியிட்டார். ஆனால் எந்த வடிவம் தோன்றும் என்பதைத் தகட்டின் உருவம், அதன் தடிப்பு, அதை எங்கே பிடித்திருக்கிறோம், அதிர்வெண் என்ன என்பவை தீர்மானிக்கின்றன. சதுரத் தகட்டுக்கு ஒரு வடிவம் என்றால் வட்டத் தகட்டுக்கு வேறு. ஒருவர் ஓம் என்று சொல்லும்போது பல அதிர்வெண்கள் கலந்தே வெளிவருகின்றன. ஆளுக்கு ஆள் குரலும் மாறுகிறது. குறுக்கும் நெடுக்குமாக நேர்கோடுகள் ஓடி 43 முக்கோணங்கள் அமைந்த உருவம் அதிலிருந்து தானாக வராது. கவராயமும் நூலும் கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கையால் வரைந்து திருத்திய ஒன்றை, மணல் தானாகப் போட்டது என்று சொல்வது அந்தக் கைகளுக்குச் செய்யும் மரியாதையாக எனக்குப் படவில்லை.

வட சென்னையில் சக்கர வழிபாட்டோடு தொடர்புடைய கோயில்கள் எவை?

முதலில் சொல்ல வேண்டியது தம்பு செட்டித் தெருவில் உள்ள காளிகாம்பாள் கோயில். அம்மன் திருவடியின் முன் அர்த்தமேரு வடிவில் ஸ்ரீசக்கரம் உள்ளது. அதை நிறுவியவர் ஆதிசங்கரர் என்பது கோயில் மரபு. கோட்டை இருக்கும் இடத்தில் முன்பு இருந்த கோயில் பின்னர் இங்கே வந்தது. இது விசுவகர்ம சமூகத்தாருடைய கோயில் என்பதும் கவனிக்கத்தக்கது. பொன், செம்பு, மரம், கல் ஆகியவற்றில் அளவு பிசகாமல் வேலை செய்பவர்கள், அளவுகளால் ஆன ஒரு வடிவத்தைத் திருவடியின் முன் கொண்ட அம்மனைத் தங்கள் தாயாகக் கொண்டது தற்செயலாக இருக்க முடியாது.

திருவொற்றியூரில் தியாகராசர் கோயிலுக்குள் இருக்கும் வட்டப்பாறையம்மன் உக்கிரமானவளாக இருந்தாள் என்றும், ஆதிசங்கரர் அவளைச் சாந்தப்படுத்தினார் என்றும் தலக்கதை சொல்கிறது. காஞ்சியிலும் திருவானைக்காவிலும் இதே போன்ற கதை வழங்குகிறது. திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் காதணியான தாடங்கமே சக்கர வடிவில் இருக்கிறது. ஊருக்கு ஊர் இக்கதை திரும்பத் திரும்ப வருவதை வரலாறாகக் கொள்ளத் தேவையில்லை. அடங்காத ஆற்றலை வெட்டி வீழ்த்தாமல், நான்கு வாயிலும் நடுவில் இருக்கையும் உள்ள ஓர் அளவான வீடு கட்டிக் கொடுத்து அமர்த்தினார்கள் என்பதே அதன் உட்பொருள் என்று நான் படிக்கிறேன். யம் என்ற வேரின் பொருளும் அதுவேதான்.

மணலிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதரை ஆதரித்தது மணலி முதலியார் குடும்பம். இளம் வயதில் முத்துசுவாமி மணலியில் இருந்தபோதுதான் ஸ்ரீவித்யை உபாசகரான சிதம்பரநாத யோகி அங்கே வந்து அவரைக் காசிக்கு அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் தீட்சிதர் திருவாரூர்க் கமலாம்பிகைமீது பாடிய நவாவரணக் கிருதிகளில் சுற்றுக்கு ஒரு கிருதியாக ஆனந்தபைரவி ராகத்தில் தொடங்கி ஆகிரி ராகத்தில் முடியும் ஒன்பதும், அவற்றுக்கு முன்னும் பின்னும் தியானமும் மங்களமும் உள்ளன. முதல் எட்டும் முதல் வேற்றுமை தொடங்கி விளி வேற்றுமை வரை வரிசையாக எட்டு வேற்றுமைகளில் அமைந்திருப்பதைப் பள்ளியில் இலக்கணம் படித்தவர்கள் ரசிக்கலாம். இன்று மணலி என்றால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிதான் கண்முன் வருகிறது. அந்தச் சக்கரப் பயணம் கிளம்பிய ஊரும் அதுதான்.

கோயில் கட்டிடத்திலும் இப்படிப்பட்ட வரைபடம் உண்டா?

உண்டு. மனையைக் கட்டங்களாகப் பிரித்து வாஸ்து புருஷ மண்டலம் வரைந்த பிறகே கோயில் எழும். எட்டுக்கு எட்டாக 64 பதம் கொண்டது மண்டூகம். ஒன்பதுக்கு ஒன்பதாக 81 பதம் கொண்டது பரமசாயிகம். நடுப்பதங்கள் பிரம்மாவுக்கு உரியவை, சூழ்ந்துள்ளவை மற்ற தேவதைகளுக்கு.

என் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

ஸ்ரீசக்கரத்திலிருந்து வேண்டாம், இருதய கமலம் கோலத்திலிருந்து தொடங்குங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தை. மொட்டை மாடியில் வத்தல் காய்ந்துகொண்டிருக்க, மீதி இடத்தில் அரிசி மாவால் போட்டுக் காட்டினார்.

நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து எட்டுத் திசைக்கும் எட்டுக் கரங்களாக, கரத்துக்கு ஐந்து புள்ளி வையுங்கள். நடுவுக்கு அருகில் இருப்பது ஒன்றாம் புள்ளி, வெளியில் இருப்பது ஐந்தாம் புள்ளி. இப்போது 1, 4, 2, 5, 3 என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு, கரம் கரமாக ஒரே பக்கமாகச் சுற்றி வர வேண்டும். முதல் கரத்தில் ஒன்றாம் புள்ளி, அங்கிருந்து வளைத்து இரண்டாம் கரத்தில் நான்காம் புள்ளி, மூன்றாம் கரத்தில் இரண்டாம் புள்ளி, நான்காம் கரத்தில் ஐந்தாம் புள்ளி, ஐந்தாம் கரத்தில் மூன்றாம் புள்ளி. ஆறாம் கரத்தில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எட்டாம் கரத்தில் இரண்டாம் புள்ளியைத் தொட்டு முதல் கரத்துக்குத் திரும்பும்போது கோடு ஐந்தாம் புள்ளியில் வந்து நிற்கும். தொட்ட புள்ளியையே மறுபடி தொடாது. எட்டும் ஐந்தும் பொது வகுத்தி இல்லாத எண்கள் என்பதால், ஐந்து சுற்றுச் சுற்றி நாற்பது புள்ளிகளையும் ஒவ்வொரு முறை மட்டுமே தொட்ட பிறகுதான் கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். இதழ்கள் தாமே விரிந்து தாமரை வந்துவிடும். நடுப்புள்ளியை எந்தக் கோடும் தொடாது. பிந்து என்றால் என்ன என்று பெண் அப்போது கேட்பாள். அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினால் போதும்.

முதலில் சிலேட்டில் பழக்குங்கள், பிறகு மாவில். நாற்பதாவது கோடு முதல் கரத்தின் ஒன்றாம் புள்ளியில் வந்து விழுந்தால் கோலம் சரி. விழாவிட்டால் எங்கோ ஒரு கரத்தில் வரிசை தவறியிருக்கிறது. முழுவதையும் அழிக்காமல், தவறிய கரம் வரை ஈரத் துணியால் துடைத்துவிட்டு அங்கிருந்து மறுபடி போட்டால் ஆயிற்று.